கடைசி ரீலில் இறங்கி வரும் முதலாளி

தேனி ஆபரேட்டர் தம்பிகள் மலர் போடுகிறார்களாம். ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு நாலு பக்கம் காணாது.

நான் செய்ததை நானே சொல்லிவிடுகிறேன், சொல்ல வேறு ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். சின்னமனூர்க் கீற்றுக் கொட்டகையில் தரை மணலைச் சலித்துக் கொட்டும் வேலைக்குச் சேர்ந்து, இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கினேன். ஏதோ ஆபீசில் கழித்துப் போட்ட பதினாறு எம்.எம். புரொஜக்டரை ஏலத்தில் எடுத்தேன். பல் தேய்ந்த சக்கரத்துக்குப் பதிலாக லேத்துப் பட்டறையில் ராப்பகலாக உட்கார்ந்து புதுசாகக் கடைந்து போட்டு ஓட வைத்தேன். ஜெனரேட்டர் வாங்கினேன், பழைய ஜீப் வாங்கினேன். இந்தப் பள்ளத்தாக்கில் கறுப்பு வெள்ளைப் படப்பெட்டி எது வந்தாலும் மாயாண்டி கை படாமல் போகாது என்ற நிலைமையை உண்டாக்கினேன். மேகமலைக்கு ரோடு என்ற பெயரில் கல் மட்டும் கிடந்த காலத்தில், மாதம் தவறாமல் படம் கொண்டுபோனவன் நான் ஒருவனே. மூன்று பெண்களுக்குக் கல்யாணம் முடித்து, ஊருக்குள் மாடி வீடும் கட்டினேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கொடுத்ததாகச் சொல்பவன் இருந்தால் வந்து நேரில் சொல்லட்டும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், தேனியில் நான் கடைசியாக வேலை பார்த்த தியேட்டரில் மெஷினை இறக்கிவிட்டு ஒரு பெட்டியை வைத்தார்கள். படம் வானத்திலிருந்து அதற்குள் வந்து விழுகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நல்ல பையன்தான். என் கையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, படம் அதுவா ஓடப்போகுது, நீங்க இத்தன வருசம் அங்கன உக்காந்து என்னதான் செஞ்சீக?" என்று கேட்டான். கேலி இல்லை, தெரியாமல் கேட்டான். நான் என்ன செய்தேன் என்பது மேகமலையில்தான் இருக்கிறது.

தொண்ணூற்றாறில் ஆரம்பித்தது. அங்கே ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். அதன் மேனேஜரை எல்லாரும் துரை என்பார்கள். கோட்டயம் பக்கத்து ஆள், தமிழில் மலையாளம் கலந்து பேசுவார். ஆட்களுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போடவேண்டும், பழைய படம்தான் வேண்டும், அதிலும் முதலாளியும் தொழிலாளியும் வரும் படமாக இருக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. எஸ்டேட் நடத்துகிறவர் இப்படிப்பட்ட படத்துக்குப் பயப்படத்தானே செய்வார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானமே நான் பங்களாவுக்குப் போய்விட வேண்டும். நாலு ரீலையும் மேசையில் அடுக்கி வைப்பேன். துரை நாலாவது பெட்டியைத்தான் தொடுவார்.

"ஆபரேட்டரே, முதல்ல கடைசி ரீல் போடு. பின்னே பாக்கலாம்."

வெள்ளைச் சுவரில் கடைசி ரீலை மட்டும் ஓட்டுவேன். கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டே பார்ப்பார். முதலாளி மாடிப்படி இறங்கி வந்து கை கூப்பினால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டுவார். அவ்வளவுதான், படம் பாஸ். ஒரு தடவை கதாநாயகன் மில் வாசலில் செத்துப்போய், கேட் பூட்டியபடியே முடிகிற படம் ஒன்றைக் கொண்டுபோனேன். முழுவதும் பார்த்தார். குரல் உயரவில்லை.

"இதுல முதலாளி எறங்கி வரலையே. நம்ம ஆளுகளுக்கு இது சரியாகாது கேட்டோ. வேலைநிறுத்தம் வரட்டும், கொடி வரட்டும், அதொண்ணும் சாரமில்ல. படம் பாத்திட்டு ஆளு நிம்மதியா உறங்கணும். உறங்கினா காலையில மஸ்டருக்கு வரும்."

மஸ்டர் என்பது காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவது. அன்றைக்கு எனக்குப் புத்தி திறந்தது. நான் கொட்டகையில் பத்து வருஷம் படித்த படிப்பு அந்த ஒரு பேச்சுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு பெட்டி எடுக்கப் போகிற இடத்தில் நானும் கடைசி ரீலைத்தான் முதலில் போடச் சொல்வேன்.

ஞாயிறு சாயங்காலம் மஸ்டர் மைதானத்தில் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே துணி கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரியில் இலை வாட்டும் ஃபேன் ஓடாது, அதனால் கரண்டு அலையாமல் வரும். ஃபிலிமின் இரண்டு ஓரத்தையும் பஞ்சு வைத்து விரலுக்கு நடுவே ஓட விட்டுப் பார்ப்பேன். துளை கிழிந்த இடத்தில் பஞ்சு மாட்டும். அங்கே பிளேடால் சுரண்டி, ஃபிலிம் ஒட்டுகிற சிமெண்டு தடவி, மூச்சை அடக்கி நாற்பது எண்ணும்வரை அமுக்கிப் பிடிப்பேன். என் ஒட்டு எந்த ஊரிலும் விட்டதில்லை. பனி இறங்கிவிட்டால் வெளிச்சம் துணிக்குப் போய்ச் சேராது, படம் பாதி வழியிலேயே புகையில் நிற்கும். அப்போது துணியை அவிழ்த்து மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டுவேன். படம் சின்னதாகும், ஆனால் முகம் தெரியும். ஒரு நாள் கடைசி ரீல் ஓடும்போது மழை பிடித்துக்கொண்டது. துரை தன் குடையை மெஷினுக்குப் பிடித்துக்கொண்டு அவர் முழுக்க நனைந்தார். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

துரை உட்கார மாட்டார். கூட்டத்துக்குப் பின்னால் பழுப்பு ஸ்வெட்டர் போட்டு நின்றுகொண்டிருப்பார். துணியில் முதலாளி கை கூப்புகிற நேரம் வந்ததும், உட்கார்ந்திருக்கிற ஜனம் மொத்தமும் திரும்பிப் பின்னால் பார்க்கும். துரை சிரித்துக்கொண்டே அவரும் கை கூப்புவார். பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். யார் முதலில் திரும்பினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் இரண்டாவது வருஷத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. கடைசிக் காட்சியை அவர்கள் துணியில் பார்த்ததைவிடத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம்.

இந்தப் படங்களைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. முதலாளிக்குப் பட்டு அங்கி உண்டு, மாடிப்படி உண்டு, வாலாட்டாத நாய் உண்டு. தொழிலாளியின் சட்டையில் ஒட்டு ஒன்று, சரியாக நெஞ்சுப் பக்கம் இருக்கும். கண்ணாடி போட்டுக் கையில் பையோடு வருகிற சங்கத் தலைவன் மூன்றாவது ரீலில் முதலாளியிடம் விலை போயிருப்பான். வக்கீலும் அப்படியே. கோர்ட்டுக்குப் போன தொழிலாளி ஜெயித்த படம் நான் ஓட்டியதில்லை. ஜெயிக்கிறவன் வாசலில் கையைக் கட்டி நிற்பவன்தான். அவன் கண்ணீரைப் பார்த்து மேலே இருப்பவர் கீழே வருவார். அவருக்கும் ஒரு மகள் இருப்பாள்.

ஏழாவது வருஷம் தேயிலை விலை விழுந்தது. எஸ்டேட்டில் மேல் டிவிஷனை மூடப் போகிறார்கள், இரண்டு லயத்து வரிசை வீடுகளிலும் இருக்கிற குடும்பங்கள் காலி செய்ய வேண்டும் என்று மஸ்டர் கொட்டகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டிய மறுநாள் ஞாயிறு, என் படம். முந்தின நாள் சனிக்கிழமை பங்களாவில் துரை என்னைப் பார்க்கவில்லை. சமையல்காரர்தான் வந்து, எதையாவது போடச் சொன்னார் என்றார்.

போட்டேன். கடைசி ரீலில் முதலாளி கை கூப்பினார். ஜனம் திரும்பியது. பின்னால் மரம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு ஒவ்வொருவராகத் துணிப் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் விடிந்ததும் ரோசம்மா வந்தாள். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அவள்தான் முன்னால் போகிற ஆள். ராயப்பன்பட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அவளுடைய தாத்தா காலத்தில் மேலே வந்தவர்கள். புருஷன் இல்லை, ஒரு மகள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்தது. அவள் பின்னால் இருபது பேர் நின்றார்கள். நான் ரீல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். படத்துல மொதலாளி எத்தன நாளைக்குள்ள எறங்கி வருவாக?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வார்த்தை வாயில் வந்ததே இல்லை.

"ஏழு நாளு தாண்டுன மொதலாளிய நான் பாத்ததில்லத்தா" என்றேன்.

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாப் படத்துலயும். கல்லு கம்ப எடுக்கக் கூடாது, எடுத்தா போலீசு வந்து கதை வேற பக்கம் போயிரும். பங்களா வாசல்ல கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. பிள்ளைகளையும் கூட்டிக்கிருங்க. எந்திரிச்சுப் போறவுகதான் தோத்துப்போவாக."

"கீழ எங்களுக்கு நிக்க ஒரு அடி மண்ணு கெடையாதுண்ணே. நிச்சயமாச் சொல்றீகளா?"

"மாயாண்டி சொன்னா நிச்சயம்தான்" என்றேன்.

உட்கார்ந்தார்கள். நானும் கீழே இறங்கவில்லை. ஆயுசு முழுக்கத் துணியில் காட்டியதை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். அவர்கள் கஞ்சியில் எனக்கும் ஒரு பங்கு தந்தார்கள். துரை உள்ளேதான் இருக்கிறார் என்று எல்லாரும் நம்பினோம், சாயங்காலமானால் அறை அறையாக விளக்கு எரிந்தது.

புதன்கிழமை கம்பத்திலிருந்து சங்கத்து ஆள் வந்தார். காசிராசன் என்று பெயர், தோழர் என்பார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி, கையில் ரெக்சின் பை. கையோடு ஒரு லாரியும் கூட்டி வந்திருந்தார். நாளை வியாழக்கிழமை தேனியில் லேபர் ஆபீசில் எல்லாரும் நேரில் வந்து கையெழுத்தோ ரேகையோ வைத்தால்தான் கேஸ் நிற்கும், தேதி தாண்டினால் டிவிஷனை மூடியது மூடியதுதான், அப்புறம் சாமியே வந்தாலும் வீடு கிடைக்காது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜனம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தது.

கூட்டத்தில் மூக்கன் என்று ஒரு கிழவர், எல்லாப் படத்துக்கும் முதல் வரிசையில் உட்காருகிறவர். அவர் என் பக்கம் திரும்பி, "கண்ணாடி போட்டவுகள நம்பலாமா ஆபரேட்டரு?" என்றார்.

"பையில என்ன இருக்குன்னு மொதல்ல கேளும்" என்றேன் நான்.

சிரிப்பு எழுந்தது. தோழர் கோபப்படவில்லை. பையைத் திறந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி தரையில் கொட்டினார். ரேகை வைக்கிற மைப்பெட்டி, ஒரு கட்டு வெள்ளைத்தாள், வாழை இலையில் கட்டிய எலுமிச்சம் சோறு. அப்போதும் சிரித்தார்கள். விலை போனவன் முதல் காட்சியில் நல்லவனாகத்தான் வருவான் என்று அவர்களுக்குத் தெரியும். ஏழு வருஷமாக மாதா மாதம் நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

தோழர் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னா எந்திரிச்சு வருவாக. எம்மேல கோவம்னா அப்பறமா வச்சுக்குவோம். ஒரு நாளு. ஒரே ஒரு நாளு கீழ வந்துட்டுத் திரும்ப வந்து உக்காரட்டும்."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "தோழரே, இந்தக் கதைய நீங்க கேள்விப்பட்டிருப்பீக. நான் நானூறு தடவ ஓட்டுனவன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அன்று பொழுது சாயும்வரை லாரிக்குப் பக்கத்தில் நின்றார், வியாழக்கிழமை விடியும்வரையும் நின்றார். பிறகு லாரி காலியாகவே இறங்கியது. அதன் பின்கதவு ஒவ்வொரு வளைவிலும் அடித்துக்கொண்ட சத்தம் வெகு நேரம் மேலே கேட்டது.

ஏழாம் நாள் ஞாயிறு. நான் சொன்ன நாள். பெண்கள் துவைத்த சேலை கட்டி வந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பவுடர் போட்டிருந்தார்கள். ரோசம்மா மகளுக்கு வெள்ளை கவுன், சர்ச்சில் முதல் நன்மை வாங்கத் தைத்ததாம், கை இறுகிப்போயிருந்தது. மூக்கன் மீசையை முறுக்கிவிட்டிருந்தார். பங்களாக் கதவையே பார்த்துக்கொண்டு வெயில் சாயும்வரை நின்றார்கள், உட்கார்ந்தால் சேலை அழுக்காகும் என்று. சாயங்காலம் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. யாரும் வரவில்லை. சில படத்தில் ஒரு நாள் இரண்டு நாள் கூடும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் கதவு திறந்தது. எல்லாரும் எழுந்தார்கள். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சமையல்காரர் வேலப்பன் வந்தார். எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றார். துரைக்கு என்றோம்.

"தொர போன வாரம் திங்கக்கெழமையே போயிட்டாரே, பின்னாடி ஏலக்காட்டுப் பாதையில. லைட்ட மட்டும் தெனம் போடச் சொன்னாக. இன்னையோட எனக்கும் கணக்கு முடிச்சாச்சு."

ரோசம்மாதான் கேட்டாள். "அப்ப மொதலாளி எப்ப வருவாக?"

"எந்த மொதலாளி? இது கம்பெனித்தா. நான் முப்பது வருசமா இங்கன சமைக்கிறேன். மொதலாளின்னு ஒருத்தருக்கு ஒரு நாளுகூட எல போட்டதில்ல."

அவர் போய்விட்டார். ரோசம்மா என் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ரீல் மாற்றும்போது முன் வரிசையிலிருந்து கேட்பார்களே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"அண்ணே, இது எத்தனாவது ரீலு?"

நான் சுற்றி வைத்திருந்த நாலு ரீலையும் ஜீப்பில் ஏற்றினேன்.

நான் ஓட்டிய எந்தப் படத்திலும் கம்பெனி கிடையாது. ஒரு ஆள்தான் இருப்பார். அவருக்கு வீடு உண்டு, படி உண்டு, இளகுவதற்கு மனசு உண்டு. எங்கோ ஒரு ஊரில் எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை தூக்கி ஒரு மலையை மூடுகிற காட்சியை எவனும் எடுக்கவில்லை. அழுதால் பார்ப்பதற்கு அங்கே கண் இல்லை. அந்த மேசைக்கு எதிராக அந்த ஜனங்களிடம் இருந்தது ஒரு வியாழக்கிழமையும் ஒரு மைப்பெட்டியும்தான். அதைப் பார்த்துச் சிரிக்க வைத்தவன் நான்.

மாதம் முடிவதற்குள் லயத்துக் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டார்கள். ஓடு இல்லாத வீட்டுக்குள்ளும் நாலைந்து நாள் சமைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு இறங்கினார்கள். மூக்கன் இறங்கவில்லை, அதற்கு முன்னால் செத்துப்போனார். துரை ஒரு வருஷத்துக்கு முன்பே மூடப் போவது தெரிந்தவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். குடை பிடித்து நனைந்த அதே ஆள்தான். நல்லவர் இல்லை என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு விளங்காதது.

அதற்குப் பிறகு வெளியே எங்கும் நான் படம் கட்டவில்லை. தேனித் தியேட்டரில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்தேன். சில வருஷம் கழித்து மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ரோசம்மாவைப் பார்த்தேன். அழுகிய வெங்காயத்தைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். மகள் படிப்பை விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறாளாம். நான் அன்றைக்குச் சொன்னதைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். முடிக்க விடவில்லை.

"விடுங்கண்ணே. எங்களுக்கு விவரம் பத்தல, நீங்க என்ன செய்வீக" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சாக்கைத் தட்டிப் போட்டாள். நான் உட்காரவில்லை.

போன மாதம் மேல் டிவிஷனைப் பற்றிச் சங்கத்தார் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். தோழர் காசிராசன் சாவதற்கு முன்னால் சொல்லி எழுதியதாம். பொடி எழுத்து, பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னேன். அட்டை முதல் அட்டை வரை படித்தாள், இரண்டாம் தடவையும் படித்தாள். லாரி வருகிறது, வியாழக்கிழமை வருகிறது, எலுமிச்சம் சோறுகூட வருகிறது. நான் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார், பெரிய மனசு. அந்த இடத்தில், தொழிலாளர்கள் அறியாமையால் தேதியைத் தவறவிட்டார்கள் என்று ஒரு வரி இருக்கிறது.

அது பொய். அந்த ஜனங்கள் அறியாமல் உட்காரவில்லை. விடிந்ததும் வந்து, தெரிந்தவன் என்று நம்பின ஒருவனிடம், நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஒருவனைத் தவிர அங்கே யாரும் தப்புச் செய்யவில்லை. இந்த மலரைப் படிக்கிற சங்கத்தார் அடுத்த தடவை அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில், அவர்களை அங்கே உட்கார வைத்தவன் சின்னமனூர் ஆபரேட்டர் சி. மாயாண்டி என்று என் பெயரைப் போட வேண்டும்.